டஸ்கீகி ஆசிரியர் புக்கர் வாஷிங்டன்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே, அலபாமா மாகாணத்தில், டஸ்கீகி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் உள்ள கலாசாலையின் பழைய கட்டடங்கள் பலவற்றிற்குச் செங்கல் அறுத்தவரும், சூளையிட்டுச் சுட்டவரும், அடுக்கிக் கட்டியவரும் அங்கே படித்த மாணாக்கரே. அக்கலாசாலையை ஒரு குடிசையில் தொடங்கி, முப்பத்துநான்கு வருஷம் நடத்தி, அங்கேயே உயிர் நீத்தவர் புக்கர் டி. வாஷிங்டன் என்பவர். அவர் பெயரை நம் அன்பர் பலர் கேள்வியுற்றிருப்பர். அடிமைச் சிறுவன் ஒருவன் பெரிய மனிதனானான் என்ற அளவில் அவர் கதையை அறிந்திருப்பர். அவ்வளவோடு நிறுத்திவிட்டால் அது பாட்டி சொல்லும் கதைபோல் இனிக்குமேயன்றிப் பயன் அதிகமில்லை. அவர் எவ்வெவ்விடத்தில் இடறினார், இடறியபின் என்ன செய்தார் என்று அறிவதே நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உபயோகமாகும். ஆதலின் அச்செய்திகளையே இங்கு விரித்து எழுதுகின்றோம்.

அவர் வர்ஜீனியா மாகாணத்தில், பரோஸ் என்னும் குடும்பத்தாருடைய புகையிலைப் பண்ணையில் பிறந்தார். பிறந்த நாளை அவரே அறியார். 1856-ம் வருஷம் என்று பிற்காலத்தார் கொண்டனர். தாய் ஜேன் என்பவள் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை யாரோ ஒரு வெள்ளையர் என்பதன்றி வேறொன்றும் அவருக்குத் தெரியாது. 1861-ம் வருஷத்தில் பண்ணைச் சொந்தக்காரர் இறந்தபோது அவருடைய ஆஸ்திகளுக்கு ஒரு ஜாபிதா எழுதினார்கள். மாடு, கலப்பை, பாத்திரம் முதலியவற்றோடு புக்கர் என்னும் சிறுவனும் அதில் ஓர் உருப்படியாக எழுதப்பட்டான். அவனுக்கு இட்ட மதிப்பு 400 டாலர்.

அந்நாளைய கஷ்டங்களை அவர் பிற்காலத்தில் தம் சுயசரிதத்தில் விவரித்திருக்கிறார். அவற்றுள் சட்டையைப் பற்றிய செய்தி ஒன்று நம் மனத்தை விட்டு அகலாதது. அடிமைப் பிள்ளைகளுக்கு முரட்டு நார்த்துணியால் தைத்த சட்டையே கொடுப்பர். புதிதாக இருக்கும்போது அது முள்ளை உடம்பில் தேய்ப்பதுபோல் உறுத்தும். புக்கருக்குப் புதுச் சட்டை வந்தபோதெல்லாம் அவர் அண்ணன் ஜான் அதைத் தாம் வாங்கிச் சில தினங்கள் உடுத்து, உறுத்தல் தேய்ந்தபின் தம்பியிடம் கொடுப்பாராம். அந்த அண்ணனும் சிறுவரே. உலகம் ஜானை அறியாது; ஆயினும் தம்பியின் புகழில் அவருக்கும் ஒரு பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம்.

1865-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். தாய் தன் மக்களுடன் மலைகளைக் கடந்து, மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊரிலிருந்த தன் கணவனிடம் சென்றாள். அவ்வூரின் தொழில் உப்புக் காய்ச்சுவது. சிறுவன் புக்கரும் உப்புலையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டான். அவனுடைய சிற்றப்பன் நிரப்பும் பீப்பாய்களுக்கெல்லாம் 18 என்ற அடையாள எண் இடுவார்கள். மாலைதோறும் அவ்வெண்ணைப் பார்த்துப் பார்த்து அதனை எழுதவும் கற்றான். வேறோர் எழுத்தும் அறியாத காலத்தில் அவனுக்கு வசமான கல்வி அதுவே. பின்னர்த் தாய் எங்கிருந்தோ ஒரு பழைய எழுத்துப் புத்தகம் தேடித் தந்தாள். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது.

ஊரில் பள்ளிக்கூடம் ஏற்பட்டபோது சிற்றப்பன் கூலியை இழக்க உடன்படவில்லை. விடியுமுன் எழுந்து ஒன்பது மணி வரை வேலை செய்து, பள்ளிக்கூடம் விட்டபின் மறுபடியும் வந்து வேலை செய்வதென்று ஏற்பாடாயிற்று. பள்ளிக்கூடமோ ஒன்பது மணிக்கே தொடங்கும். அது சிறிது தொலைவிலும் இருந்தது. ஆகவே நம் சிறுவன் வேலைத் தலத்துக் கடிகாரத்தின் முள்ளை நாள்தோறும் எட்டரையிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளிவைத்துவிட்டு ஓடிவந்தான். கண்காணிப்பாளர் கடிகாரத்தைக் கூண்டிலிட்டுப் பூட்டும்வரை இது நடந்தது. பிள்ளைகளுக்கு இதை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் பள்ளியைவிட்டு ஓடுவதற்காக முள்ளைத் தள்ளும் பிள்ளைகளே அதிகமாகையால், பள்ளிக்கு ஓடுவதற்காகத் தள்ளிய பிள்ளையைச் சிறிது மன்னிக்கலாம்.

மற்றப் பிள்ளைகள் கடையில் வாங்கிய தொப்பி அணிந்து வந்தனர். புக்கருக்குத் தொப்பி இல்லை. தாய் கடன்பட்டு வாங்கிக் கொடுக்கவில்லை. வீட்டில் நெய்த துணித்துண்டு இரண்டை இணைத்துத் தானே ஒரு தொப்பி தைத்துத் தந்தாள். அதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. தம் தாய் அன்று கடன் வாங்காத உறுதியை அவர் ஆயுள் முழுதும் பெருமையாக நினைத்தார். பள்ளியில் பெயர் கேட்டபோது எல்லாருக்கும் இரண்டு பெயர் இருப்பதைக் கண்டு, தமக்கும் ஒன்றைச் சேர்த்து, புக்கர் வாஷிங்டன் என்று பதிவு செய்துகொண்டார்.

சிலகாலம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். அங்கே இருட்டில் இரண்டு தொழிலாளர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டே, ஹாம்ப்டன் என்ற ஊரில் கறுப்பர்க்கென ஒரு கலாசாலை உண்டென்றும், ஏழைகள் வேலை செய்து படிக்கலாமென்றும் அறிந்தார். அது எங்கே உள்ளது, எத்தனை தூரம் என்பதொன்றும் தெரியாது. பிறகு சுரங்கச் சொந்தக்காரரின் மனைவியாகிய ரப்னர் சீமாட்டியின் வீட்டில் மாதம் 5 டாலர் சம்பளத்துக்கு அமர்ந்தார். அச்சீமாட்டியிடம் எந்த வேலைக்காரனும் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் நிலைத்ததில்லை. தூசி ஒரு துளி இருத்தலாகாது. சொன்ன நேரம் தவறுதலாகாது. வேலியில் ஒரு பலகை கழன்று தொங்குதலாகாது. புக்கரும் முதலில் நடுங்கினார். நாளடைவில், அவ்வம்மை வேண்டுவது சுத்தமும் ஒழுங்கும் உண்மையுமே, வேறு கொடுமை இல்லை என்று கண்டுகொண்டார். கடுமையான எசமானரிடம் அகப்பட்டோமென்று வருந்தும் இளைஞர் இதனைக் கவனிக்க. ஏனெனில் அவ்வீட்டில் பழகிய துடைப்பமே அவரைக் கலாசாலைக்குள் புகுத்தியது.

1872-ம் வருஷம் ஹாம்ப்டனுக்குப் புறப்பட்டார். தூரம் ஏறக்குறைய 500 மைல். ஊரிலிருந்த முதியவர்கள், தங்கள் ஆயுளில் காணாத காட்சியாகத் தங்கள் குலத்துப் பிள்ளையொருவன் படிக்கப் போவதைக் கண்டு, ஆளுக்கொரு சிறு காசும் கைக்குட்டையும் கொடுத்து அனுப்பினர். வழியில் ஒரு விடுதியில், கறுப்பர் என்பதால் இரவு தங்க இடம் மறுத்தனர். குளிர் தெரியாமல் இருக்க இரவெல்லாம் நடந்துகொண்டே இருந்தார். ரிச்மண்டு நகரம் சேர்ந்தபோது கையில் ஒரு காசும் இல்லை. வீதியோரத்தில் பலகைகளால் ஆகிய நடைபாதையின் அடியில், தலைக்குமேல் ஜனங்கள் நடக்கும் ஓசை கேட்க, மூட்டையைத் தலைக்கு வைத்து உறங்கினார். மறுநாள் துறைமுகத்தில் இரும்பு இறக்கும் கப்பலொன்றில் கூலி கிடைத்தது. கூலி கிடைத்த பின்னும் மிச்சம் பிடிப்பதற்காக அந்நடைபாதையின் அடியிலேயே பல இரவுகள் படுத்தார். ஹாம்ப்டனில் கால் வைத்தபோது கையிருப்பு 50 சென்டு.

பல நாள் குளியாத உடம்பும் கந்தையுமாய் வந்து நின்றவரைத் தலைமை ஆசிரியையாகிய மேரி மாக்கி அம்மையார் சேர்க்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பிறகு வந்த சிலரைச் சேர்த்துக்கொண்டார். சில மணிநேரம் கழிந்தபின், அடுத்த அறையைப் பெருக்கும்படி சொன்னார். புக்கர் அறையை மூன்று முறை பெருக்கினார். நான்கு முறை துணியால் துடைத்தார். மேசை, பலகை, மூலை, அலமாரி ஒன்றையும் விடவில்லை. அம்மையார் வந்து தம் கைக்குட்டையைச் சுவரிலும் மேசையிலும் தேய்த்துப் பார்த்தார். ஒரு தூசியும் ஒட்டவில்லை. அதுவே அவருக்குப் பிரவேசப் பரீட்சை. சேர்த்துக்கொண்டதோடு, கட்டடத்தைச் சுத்தம் செய்யும் வேலையையும் கொடுத்தார். அவ்வேலையால் அவருடைய சாப்பாட்டுச் செலவின் பெரும்பகுதி கழிந்தது.

அங்கே அவர் கற்றவை புத்தகத்தில் உள்ளவை மாத்திரம் அல்ல. படுக்கையில் இரண்டு துணிகள் விரித்திருப்பதன் காரணம் தெரியாமல், முதல் நாள் இரண்டின் அடியிலும், மறுநாள் இரண்டின் மேலும் படுத்தார். மூன்றாம் நாள் அடுத்தவரைப் பார்த்து இரண்டுக்கும் இடையில் படுக்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் கனவான்கள் நிறைந்த சபையிலும் இதனைச் சொல்லிச் சிரித்துக்கொள்ள அவர் கூசியதில்லை. கலாசாலைத் தலைவராகிய ஜெனரல் ஆம்ஸ்டிராங் என்பவரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டார். 1875-ல் தேறி, மால்டனில் சில வருஷம் உபாத்தியாயராக இருந்து, மறுபடி ஹாம்ப்டனில் ஆசிரியராக அமர்ந்தார்.

1881-ல் டஸ்கீகி ஊரார், கறுப்பு இளைஞர்க்கு உபாத்தியாயப் பயிற்சி அளிக்கும் ஒரு பள்ளிக்கு வெள்ளையர் ஒருவரைத் தலைவராக அனுப்பும்படி ஆம்ஸ்டிராங்குக்கு எழுதினர். அவர் புக்கரின் பெயரைச் சொல்லி எழுதினார். இருபத்தைந்து பிராயத்தவராகிய புக்கர் டஸ்கீகி சேர்ந்து பார்த்தபோது அங்கே பள்ளிக்கூடம் இல்லை. நிலம் இல்லை, கட்டடம் இல்லை, ஒரு பலகையும் இல்லை. மாகாண அரசாங்கம் வருஷத்துக்கு 2,000 டாலர் ஒதுக்கியிருந்தது. அதுவும் உபாத்தியாயர் சம்பளத்துக்கு மாத்திரம். இடிந்த குடிசையொன்றும் அருகிலிருந்த கோயிலும் இரவலாகக் கிடைத்தன. ஜூலை 4-ந் தேதி 30 மாணாக்கரோடு பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஒரு மாணாக்கர் எழுந்து வந்து ஆசிரியர் தலைக்குமேல் குடை பிடிப்பார், பாடம் நடக்கும்.

ஊருக்கு வெளியே 100 ஏக்கர் கொண்ட ஒரு பாழடைந்த பண்ணை 500 டாலருக்கு விலைக்கு வந்தது. பாதியை உடனே கொடுக்க வேண்டும். ஹாம்ப்டன் கலாசாலையின் பொக்கிஷதார் தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் கடனாகக் கொடுத்தார். நிலம் கைக்கு வந்ததும் ஒரு சங்கடம் நேர்ந்தது. காட்டை வெட்டித் திருத்த வேண்டுமென்றால் மாணாக்கர்க்கு மனம் இல்லை. அவர்களுள் பலர் ஏற்கெனவே சிறு பள்ளிகளில் உபாத்தியாயராக இருந்தவர். படித்தவன் மண்வெட்டி எடுப்பதா என்று கேட்டனர். பெற்றோரும், எங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினோமேயன்றி உழ அனுப்பவில்லை என்றனர். நம்மவருள்ளும் இவ்வெண்ணம் உடையவர் இல்லாமல் இல்லை. புக்கர் பிரசங்கம் செய்யவில்லை. மாலையில் பள்ளி விட்டதும் கோடரி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு தாமே முன்னே நடந்தார். ஆசிரியர் மரம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாணாக்கரால் இயலவில்லை. இருபது ஏக்கர் திருந்திற்று.

கடனைத் தீர்க்க ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியை வீடுதோறும் சென்று உதவி கேட்டார். அந்நாட்களில் எழுபது பிராயம் சென்ற ஒரு கிழவி, கந்தை உடுத்துக் கோலூன்றி வந்து, தான் சேர்த்துவைத்த ஆறு கோழிமுட்டைகளைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று புக்கரிடம் கொடுத்தாள். பின்னர் 1903-ம் வருஷத்தில் கார்னகி என்னும் செல்வர் 600,000 டாலர் கொடுத்தார். ஆயினும் அம்முட்டைகளைப்போல் தம் உள்ளத்தைத் தொட்ட கொடை வேறொன்றில்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.

இனிச் செங்கல் விஷயம். கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும். ஊரில் சூளை இல்லை. நாமே அறுப்போம் என்று தொடங்கினார். களிமண் குழியில் முழங்கால் வரை இறங்கி மண் மிதிக்கும் வேலையை வெறுத்துச் சிலர் பள்ளியைவிட்டே போயினர். நல்ல மண் அகப்படும்வரை குழி குழியாகத் தோண்டிப் பார்த்தனர். ஒருவாறு 25,000 கல் அறுத்து முதற் சூளை வைத்தனர். சூளை சரியாக அமையாமையால் கல் வேகவில்லை. உடனே இரண்டாம் சூளை வைத்தனர், அதுவும் கெட்டது. மூன்றாவதை, ஹாம்ப்டனில் தொழில் பயின்ற ஆசிரியர்கள் கூடி நின்று பார்த்து அடுக்கினர். ஒரு வாரம் எரிய வேண்டும். வாரம் முடியும் தறுவாயில், இன்னும் சில மணிநேரத்தில் கல் கிடைத்துவிடும் என்றிருந்தபோது, நள்ளிரவில் சூளை சரிந்து விழுந்தது. கையில் ஒரு டாலரும் இல்லை. விட்டுவிடுங்கள் என்று ஆசிரியர் பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் தவறென்று நாம் கூறமாட்டோம். மூன்று முறை தோற்றவனை மேலும் செலவு செய் என்று எவர் சொல்வர்?

புக்கரிடம் ஒரு கடிகாரம் இருந்தது. அதை மாண்ட்கமரி நகரத்துக்குக் கொண்டுபோய் அடகு வைத்து 15 டாலர் வாங்கி வந்தார். சோர்ந்திருந்த மாணாக்கரைத் திரட்டினார். நான்காம் சூளை வெந்தது. தவணை கடந்துவிட்டபடியால் கடிகாரத்தை அவர் மீட்கவே இல்லை. 1900-ம் வருஷத்தை ஒட்டி, ஒரே பருவத்தில் மாணாக்கர் அறுத்த நல்ல கல் பன்னிரண்டு லட்சம். வெள்ளையர் பலர் இப்பள்ளியால் தங்களுக்கென்ன பயன் என்று அதுவரை ஒதுங்கியிருந்தனர். கல் வாங்குவதற்காக அவர்களும் வந்தனர், வந்தபின் பேசினர், பேச்சு வியாபாரமாயிற்று.

கலாசாலை வளர்ந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். இருபது வருஷத்தில் 40 கட்டடங்கள் எழுந்தன. நான்கைத் தவிர மற்றவை மாணாக்கர் உழைப்பினால் ஆனவை. 1896-ல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் விவசாய விஞ்ஞானி வந்து சேர்ந்தார். 1906 முதல் குதிரை வண்டியொன்றில் கருவிகளும் விதைகளும் ஏற்றிக் கிராமங்களுக்குச் சென்று குடியானவர்க்கு வயலிலேயே பாடம் கற்பித்தனர். தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தியடிகள் 1903-ம் வருஷம் தம் இந்தியன் ஒப்பினியன் பத்திரிகையில் புக்கரைப் பாராட்டி எழுதினார். இவ்வளவுக்கும் நடுவே அவர் இல்லறம் துயர் நிறைந்தது. முதல் மனைவி பானி 1884-ல் இறந்தார். அடுத்து மணந்த ஒலிவியா டேவிட்சன் 1889-ல் இறந்தார். தாயற்ற மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டே பள்ளிக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டச் சென்றார். பின்னர் மார்கரெட் மரே என்பவரை மணந்தார்.

இனிச் சொல்லப்புகுவது எளிதன்று. சொல்லாது விடுவது நேர்மையும் அன்று. 1895-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி அட்லாண்டா நகரத்துப் பொருட்காட்சியில், வெள்ளையரும் கறுப்பரும் கூடிய பெருஞ்சபையில் புக்கர் பேசினார். கறுப்பர் இருக்குமிடத்திலேயே தொழிலில் ஊன்றி முன்னேற வேண்டும், சமூக சமத்துவத்துக்காக இப்போது கிளர்ச்சி செய்வது தகாது, சமூக விஷயங்களில் இரு வகுப்பாரும் தனித்தனியே இருக்கலாம் என்பது அப்பேச்சின் சாரம். வெள்ளையர் ஆரவாரித்தனர். ஒரே நாளில் அவர் நாடறிந்த தலைவரானார். ஆனால் அடுத்த வருஷமே, வகுப்பாரைத் தனித்தனியே பிரித்து வைப்பது சட்டத்துக்கு ஒத்தது என்று நாட்டின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1901-ல் அலபாமாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பருள் பெரும்பாலோருடைய வாக்குரிமையைப் பறித்தது. பணிவுக்குக் கிடைத்த பரிசு இதுவா என்று கேட்டனர் இளைஞர். அவருள் தலையானவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்னும் பேரறிஞர். 1903-ல் வெளியிட்ட நூலில் அவர், உரிமையை விட்டுக்கொடுத்துப் பெறும் தொழிற்கல்வி நிலைக்காது என்று புக்கரை நேரே மறுத்தார். புக்கர் அக்கண்டனத்தைப் பொறுமையோடு ஏற்றவர் அல்லர். தம்மை எதிர்த்தவர்க்கு உத்தியோகம் கிடையாமற் செய்தார். பத்திரிகைகளுக்கு இரகசியமாகப் பணம் கொடுத்தார். எதிரிகளின் கூட்டங்களுக்கு ஒற்றர்களையும் அனுப்பினார். தாம் கட்டியதைக் காக்கும் ஆசை அளவு கடந்தபோது நேரும் குற்றம் இது.

ஆயினும் அவர் இறந்தபின் அவருடைய கடிதக் கட்டுகளை ஆராய்ந்தவர் மற்றொரு செய்தியும் கண்டனர். அலபாமாவின் வாக்குரிமைச் சட்டத்தை எதிர்த்து ஜாக்சன் கைல்ஸ் என்பவர் பெயரால் நடந்த வழக்குகளுக்குப் பணம் கொடுத்தவர் புக்கரே. வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் பொய்ப் பெயர்கள் வழங்கின. 1903-லும் 1904-லும் அவ்வழக்குகள் தோற்றன. கடனுக்காகத் தொழிலாளரைக் கட்டிவைக்கும் சட்டத்தை எதிர்த்த அலான்சோ பெய்லியின் வழக்கிலும் அவர் மறைவாகத் துணைநின்றார். 1911-ல் அது வென்றது. பகலில் பணிவும் இரவில் போருமாக ஒருவர் இருபது வருஷம் வாழ்வது எத்தகைய பாரமென்று நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் உரக்கப் பேசியிருந்தால் டஸ்கீகியை எரித்திருப்பார்கள் என்போர் உண்டு. அவர் மௌனத்தால் பகைவர்க்குத் துணிவு மிகுந்தது என்போரும் உண்டு. நம் கருத்தில் இரண்டும் மெய்யே. வாக்குரிமையில் அவர் விட்டுக்கொடுத்தது பிழை. அப்பிழையின் விலையைக் கொடுத்தவர் அவர் மாத்திரம் அல்லர். பள்ளியை அவர் காத்ததும் மெய். அவரை வணங்குவோர் ஒன்றையும் பழிப்போர் மற்றொன்றையும் மறைத்தல் கூடாது.

1915-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்தில் நோய் முற்றிற்று. வைத்தியர்கள் நாட்கணக்கே உண்டென்றனர். தெற்கே பிறந்து தெற்கே உழைத்தவராகையால் அங்கேயே இறக்க வேண்டுமென்று பிடிவாதமாக ரெயில் ஏறினார். இரவில் டஸ்கீகி சேர்ந்தார். நவம்பர் 14-ந் தேதி விடியற்காலையில் ஆவி பிரிந்தது. பிராயம் 59. அப்போது அக்கலாசாலையில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும், ஏறக்குறைய 1,500 மாணாக்கரும் இருந்தனர். அவர் ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் வணிகரோடு சேர்ந்து 1912-ல் தொடங்கிய கிராமப் பள்ளித் திட்டம் அவருக்குப் பின்னும் வளர்ந்து, 1932-க்குள் தென்மாகாணங்களில் சற்றேறக்குறைய 5,000 பள்ளிகளாயிற்று. அவற்றின் செலவில் ஒரு பகுதியை அவ்வவ்வூர்க் கறுப்புக் குடியானவர்களே பணமாகவும் உழைப்பாகவும் கொடுத்தனர்.

அவர் சமாதி கலாசாலைக் கோயிலின் அருகே உள்ளது. 1899-ல் கட்டிய அவருடைய வீடு இன்றும் நின்று, காண வருவோர்க்குக் காட்டப்படுகிறது. அதன் செங்கற்கள் மாணாக்கர் சூளையில் வெந்தவை.